தீட்டும் திருநம்பியும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நின்று வாசிப்பது ஒரு குரல்தான். ஆனால் இந்த உரையை எழுதியவர்கள் பலர். நாங்கள் சேரியிலும் காலனியிலும் பிறந்து வளர்ந்த திருநம்பிகள். பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதப்பட்டு, ஆண்களாக வாழ்கிறவர்கள். எங்களில் சிலர் இன்னும் பெற்றோர் வீட்டில் இருக்கிறோம். சிலர் வேலை பார்க்கும் இடத்தில் எங்களைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அதனால் பெயர்களை விட்டுவிட்டு 'நாங்கள்' என்றே பேசுகிறோம். மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதி, சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

பேசப்போவது மாதவிடாய் பற்றி. "நினைவு நாளில் இதையா பேசுவது?" என்று அரங்கத்துத் தோழர் ஒருவர் அன்போடுதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரே பட்டியல்

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீர் குடித்தார். பின்னால் வந்த மக்களும் குடித்தார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பால், தயிர், சாணம், கோமியம் கலந்து 108 குடங்களில் கொண்டுபோய் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாதில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது.

எரிக்கப்பட்ட அந்த நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. யாரைத் தொட்டால் குளித்துத்தான் தூய்மையாக வேண்டும் என்று சொல்லும் பட்டியல். சண்டாளர், மாதவிடாயில் இருக்கும் பெண், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர், பிள்ளை பெற்றவள், பிணம். மூன்றாம் அத்தியாயத்தில் இன்னொன்று. பிராமணர் சாப்பிடும்போது அவர்களைப் பார்க்கக் கூடாதவர்கள் யார் என்று சொல்வது அது. சண்டாளர், ஊர்ப் பன்றி, சேவல், நாய், மாதவிடாயில் இருக்கும் பெண், ஆண்மை இல்லாதவர் என்று அவர்கள் ஒதுக்கிய ஆள்.

தீண்டாமையும் மாதவிலக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதியவருக்கு அவை ஒரே சரக்கு. ஒரு தலித் திருநம்பியை இதில் எங்கே வைப்பது? சாதியால் ஓர் இடம். மாதத்தில் நான்கு நாள் இன்னோர் இடம். ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று ஊர் முடிவுகட்டுவதால் மூன்றாவது இடம். பட்டியல் போட்டவர் அவற்றை மூன்று தனித்தனி ஆட்கள் என்று நினைத்தார். நாங்கள் ஒரே ஆள்.

ஆகவே இந்த நாளில் இதைப் பேசுவது இடம் தவறிய பேச்சு ஆகாது. இந்த உரையில் நாங்கள் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எங்களை வதைப்பது ரத்தம் மட்டுமாக இருந்தால் மாதா மாதம் சமாளித்துவிடுவோம். ரத்தத்தைச் சுற்றி ஊர் கட்டிவைத்திருக்கும் ஏற்பாடு இருக்கிறதே, கதவு, தண்ணீர், தட்டு, குப்பைத்தொட்டி, பதிவேடு, பேச்சு, அதுதான் வதைக்கிறது. ஊரையும் சேரியையும் பிரித்துக் கட்டிய அதே கொத்தனார் கட்டியது அது.

சொல்லில் உள்ள தூரம்

மாதவிடாய்க்கு நம் வீடுகளில் என்னென்ன சொல் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தோம். தீட்டு. தூரம். வீட்டுக்குத் தூரம். வீட்டுவிலக்கு. ஒதுங்கியிருக்கிறாள். தள்ளியிருக்கிறாள். பெரும்பாலானவை இடத்தைக் குறிக்கும் சொற்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆள் எங்கே நிற்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று நம் தெருவைச் சொல்வார்களே, அதே 'ஒதுங்கு'தான்.

இன்னொன்றும் கவனித்தோம். தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆணா பெண்ணா என்பது வந்துவிடும். "தூரமா இருக்கா" என்பார்கள். "தூரமா இருக்கான்" என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வாக்கியமே மொழியில் கிடையாது. எங்களில் ஒருவரை அவருடைய தங்கை, விவரம் தெரிந்தபின், வீட்டில் அண்ணன் என்றே கூப்பிடுகிறாள். அந்த நாலு நாளில் மட்டும் அவள் பேச்சு தடுமாறும். "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல" என்று அம்மாவிடம் சொல்வாள். எங்களுக்குள் நாங்கள் "மாசம் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, தூரமும் இல்லை.

பெண்களிடம் ஒரு வார்த்தை. மாதவிடாயைப் பற்றி வெளியில் பேசவே முடியாத காலத்தில் பேசி, அடிவாங்கி, வழியமைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். 2018 ஜூலையில் நாப்கின் மீதான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது என்றால் அது நீங்கள் தெருவில் நின்றதால். அந்தப் போராட்டத்திலிருந்து 'பெண்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி நாங்கள் வரவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நாங்களும் இருக்கிறோம் என்றுதான் கேட்கிறோம்.

பந்தலும் குச்சும்

எங்கள் அனுபவத்தில் மிகவும் சிக்கலானது மஞ்சள் நீராட்டு. அதை வெளியில் இருந்து வருபவர்கள் "பிற்போக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்களால் அப்படி முடிக்க இயலவில்லை.

எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் மேளம் வைத்துச் சீர்த்தட்டு எடுத்து ஊர்த்தெரு வழியாக நடக்க முடியாது. நடந்தால் வெட்டுக்குத்து. செருப்பு, துண்டு, குடை, மேளம், பட்டு, எல்லாவற்றுக்கும் தடை இருந்த மக்கள் நாம். அந்த மக்கள் இன்று காலனி முகப்பில் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, அண்ணலின் படத்தையும் போட்டுப் பேனர் அடித்து, தாய்மாமன் சீரோடு ஊர்வலமாக வருகிறார்கள் என்றால் அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அப்பா வட்டிக்கு வாங்கியாவது அதைச் செய்கிறார். அவர் எங்களைக் கொடுமைப்படுத்த அதைச் செய்யவில்லை. தன் பிள்ளைக்கு ஊர் மறுத்ததைத் தான் கொடுப்பதாக நினைத்துச் செய்கிறார்.

அந்தப் பந்தலின் நடுவில், பெரிய நாற்காலியில், பட்டுச்சேலையும் சவுரிமுடியும் வைத்து உட்கார்த்தப்பட்டிருந்த பிள்ளை நாங்கள். நேற்றுவரை சட்டை டவுசரோடு மதகில் குதித்துக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து சைக்கிள் கிடையாது, பந்து கிடையாது, கிணறு கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தில் சந்தனம் தடவி "பொண்ணாயிட்ட" என்கிறார்கள். மொய் நோட்டில் பெயர் ஏறுகிறது. போட்டோ எடுக்கிறார்கள். எங்களில் பலருக்கு அந்த ஆல்பம் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறிப் பத்து வருடம் ஆன ஒருவரின் பேனர், இப்போதும் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகும் இடத்தில் விரித்துக் கிடக்கிறது. மழை பெய்தால் அவர் முகத்தில்தான் தண்ணீர் இறங்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

விழாவுக்கு முன்னால் குச்சு இருக்கிறது. தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து கட்டும் குச்சு. 9 நாள், 11 நாள், 16 நாள் என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். தனித்தட்டு, தனிச்சொம்பு, தனிப்பாய். இந்தத் 'தனி' நமக்குத் தெரியாததா? தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவனோடு சண்டை போட்ட அதே சித்தப்பா, வீட்டில் எங்களுக்குத் தனித்தட்டு வைத்தபோது சும்மாதான் இருந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கும் ஏற்றத்தாழ்வு எப்படி நம் வாசலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணல் சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் எங்களிடம் இல்லை.

குச்சு வெறும் சடங்கு என்பவர்களுக்கு 2018 நவம்பரை நினைவூட்டுகிறோம். கஜா புயல் வந்த இரவில் பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டில், முதல் மாதவிடாய்க்காக வீட்டுக்கு வெளியே குடிசையில் தனியாகப் படுக்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி ஒன்றியத்துச் சில ஊர்களில் மாதவிடாய் நாட்களில் போய்த் தங்குவதற்கென்றே 'முட்டுத்துறை' என்ற வீடு இன்னும் இருப்பதை இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. அந்த அறைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள்தானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் உள்ளே இருக்கும் பிள்ளை சொல்லாது. சொல்வதற்கு அதனிடம் சொல்லும் இல்லை, ஆளும் இல்லை.

பந்தல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்கு விருந்து வையுங்கள், புதுத்துணி எடுங்கள், ஊர்வலம் போங்கள். குச்சை மட்டும் எரித்துவிடுங்கள். என்ன துணி வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு எடுங்கள். சட்டை கேட்டால் சட்டை எடுத்துக் கொடுங்கள்.

பள்ளிப் படிக்கட்டு

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவி ஒருவரை, மாதவிடாய் என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். தாய் எடுத்த காட்சி வெளியான பிறகு தலைமையாசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் படிக்கட்டைப் பார்த்தபோது எங்களில் பலருக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணல் பள்ளியில் தன் சாக்குப்பையைத் தானே கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்தார் அல்லவா, அதுதான்.

எங்களுக்குப் பள்ளியில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மாதவிடாய் வந்த அன்று சீருடை மாறுகிறது. பாவாடை, பிறகு தாவணி, இப்போது சுடிதாரும் மேல்கோட்டும். அரசு 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கிறது. நல்ல திட்டம். நம் பிள்ளைகளில் பலர் துணியிலிருந்து நாப்கினுக்கு வந்ததே அதனால்தான். ஆனால் வாங்குவதற்குப் பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும், பெயரைக் கூப்பிடுவார்கள், கையெழுத்துப் போட வேண்டும். எங்களில் சிலர் அந்த வரிசைக்குப் பயந்தே அன்றைக்குப் பள்ளிக்குப் போகவில்லை. மாதத்தில் நான்கு நாள் விடுப்பு, வருடத்தில் அது எத்தனை நாள் என்று ஆசிரியர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பத்தாம் வகுப்பு தாண்டாத திருநம்பிகள் எங்களுக்குள் ஏன் இத்தனை பேர் என்பதற்கு அந்தக் கணக்கில் பாதி விடை இருக்கிறது.

திருநங்கைத் தோழிகளுக்கும் எங்களுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அவர்களை வீடு பெரும்பாலும் வெளியே துரத்துகிறது. அது கொடுமை. ஆனால் துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர ஜமாத் என்ற ஏற்பாடு காலங்காலமாக இருந்தது. எங்களை வீடு துரத்துவதில்லை, பூட்டுகிறது. வயசுக்கு வந்த 'பெண்'ணை வெளியே விட மாட்டார்கள், கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பூட்டுக்கு நாள் குறிப்பது முதல் மாதவிடாய்தான்.

ஆண்கள் கழிப்பறை

வீட்டை விட்டு வந்த பிறகு வாழ்க்கை ஆண்கள் நடுவில். திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில் கட்டட வேலை, மேன்ஷனில் நாலு பேருக்கு ஓர் அறை, இப்போது பைக்கில் உணவு டெலிவரி. மீசை அரும்பிவிட்டால் பொதுவில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. மாதத்தில் இருபத்தைந்து நாள் நிம்மதி.

மிச்ச நாளைச் சொல்கிறோம். ஆண்கள் கழிப்பறையில் சிறுநீர் கழிக்க வரிசையாகப் பீங்கான் இருக்கும். கதவு உள்ளது ஒன்றோ இரண்டோ. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. இன்னொன்றில் தண்ணீர் வராது. குப்பைத்தொட்டி என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் ஆணுக்கு அங்கே போட ஒன்றுமில்லை என்று கட்டியவர் முடிவு செய்துவிட்டார். பேருந்து நிலையத்தில் கழிப்பறைக் கட்டணம் வாங்கும் பெரியவர் "தம்பி, எவ்வளவு நேரம்?" என்று கதவைத் தட்டுவார். நாப்கின் பையைப் பிரிக்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிடுவோம். மாற்றியதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, பையின் அடியில் வைத்து, வழியில் ஆள் இல்லாத தொட்டி தேடிக்கொண்டு போவோம். அறையில் உடன் இருப்பவன் நல்ல நண்பன்தான். அவன் தீப்பெட்டி தேடி நம் பையில் கைவிடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

கட்டட வேலையில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். தண்ணீர் குடிக்காவிட்டால் கழிப்பறை வேண்டாம். சிறுநீர்த் தொற்று எங்களுக்குச் சளி இருமல் மாதிரி. ஒரே நாப்கினை எட்டு, பத்து மணி நேரம் வைத்துத் தொடை புண்ணாகி, அகட்டி நடந்தால் "என்னடா அரிப்பா?" என்று கேலி. வயிற்றுவலி வந்தால் "கேஸ்" என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த ஊரில் கேஸ் பிடிக்காத ஆண் யார்? அந்தப் பொய்தான் எங்களைப் பல வருடம் காப்பாற்றியிருக்கிறது.

கடையில் போய் வாங்குவது ஒரு வேடிக்கை. நாங்கள் கேட்டால் கடைக்காரர் "வீட்ல இருக்கறவங்களுக்கா?" என்பார். ஆமாம் என்போம். நல்ல கணவன் என்று நினைத்துக்கொள்வார். கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யும் முயற்சியில், பந்துப் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டி, நாப்கின் அணிந்து நடந்து பார்த்தார். அன்று ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 2016இல் நாடு பத்மஸ்ரீ கொடுத்தது. ஆண் உடைக்குள் ஒரு நாப்கின் இருந்தால் உலகம் இடிந்துவிடாது என்பதற்கு அவர் சாட்சி. சோதனைக்காகக் கட்டிக்கொண்டவருக்கு விருது கிடைத்தது. தேவைக்காகக் கட்டிக்கொள்கிறவருக்கு ஒரு தாழ்ப்பாளாவது கிடைக்கலாம்.

அந்தக் கவர் யார் கைக்குப் போகிறது

இந்த அரங்கில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று இது. நாங்கள் ஒளித்துப் போடும் அந்தக் கறுப்புக் கவர் எங்கே போகிறது? மாநகராட்சி வண்டியில் ஏறி, கையால் பிரிக்கும் இடத்துக்குப் போகிறது. பிரிப்பவர் யார்? நம் அத்தை, நம் சித்தி. நாங்கள் வெட்கப்பட்டு எவ்வளவு இறுக்கிச் சுற்றுகிறோமோ அவ்வளவு நேரம் அவர் அதைப் பிரிக்கக் கையை உள்ளே விட வேண்டும்.

இது புதிதும் அல்ல. சேரியில் தீட்டுத்துணியும் பிள்ளைபெற்ற துணியும் வெளுப்பதற்கென்று புதிரை வண்ணார் குடும்பத்தை வைத்திருந்தோம். ஊர் நம்மைத் தள்ளிவைத்தது, நாம் அவர்களைத் தள்ளிவைத்தோம். 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அந்த வாழ்க்கையைச் சொன்னபோது இந்த அரங்கம் போன்ற இடங்களில் எவ்வளவு விவாதம் நடந்தது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தீட்டு என்று ஒன்றைச் சொன்னால் அதைச் சுமக்க ஓர் ஆளையும் ஒரு சாதியையும் கண்டுபிடித்தாக வேண்டும். தீட்டின் வேலையே அதுதான்.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கின் தயாரிப்பவர்கள் அதைச் சுற்றிப் போடுவதற்கான உறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும், அதைத் தனியாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்றும் கூறின. நடைமுறையில் எத்தனை பேருக்கு அந்த உறை கைக்கு வந்தது? ஆண்கள் கழிப்பறையில் மூடி போட்ட தொட்டி என்பது எங்கள் வசதிக்காக மட்டும் கேட்பதல்ல. தூய்மைப் பணியாளருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் கோரிக்கையும் அவர்கள் கோரிக்கையும் அந்த ஒரு தொட்டியில் சேர்கின்றன.

ஊசியும் சீட்டும்

"ஊசி போட்டால் நின்றுவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடும். உண்மைதான். அந்த மாதம் எங்களுக்குத் திருவிழா. ஆனால் அது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி. மருத்துவர் கண்காணிப்பும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதற்குக் கூலியில் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். வேலை போனால் ஊசி போகும், ஊசி போனால் மாதம் திரும்பி வரும். 2020 ஊரடங்கில் அதைத்தான் பார்த்தோம். மருந்துக்கடைக்குப் போக வழியில்லை, கையில் காசில்லை, பெற்றோர் வீட்டுக்குத் திரும்பவேண்டி வந்தது, அங்கே போய் உட்கார்ந்த மாதம் ரத்தமும் வந்தது. தாடியோடு இருந்தவர் அம்மாவின் பழைய சேலைத் துணியைக் கேட்டு வாங்கினார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கிழித்துக் கொடுத்தாராம்.

தம்பிகளுக்கு இரண்டு செய்தி. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதும் இடையில் ரத்தம் வரலாம். அப்படி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது, மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கரு தங்காது என்று எண்ணிவிடாதீர்கள். ஊசி கருத்தடை ஆகாது.

காட்டுங்கள் என்று சொல்வது எளிது. கருப்பை பற்றிய சிக்கல் என்றால் போக வேண்டிய இடம் மகளிர் மருத்துவப் பிரிவு. சீட்டில் பழைய பெயர். அந்தப் பெயரைக் கூடத்தில் உரக்கக் கூப்பிட, மீசையோடு ஒருவர் எழுந்து போனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். காவலாளி "ஆம்பளைங்க வெளியில நில்லுங்க" என்பார். எங்களில் ஒருவர் மூன்று முறை அப்படி வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நாலாவது முறை போனபோது ரத்தசோகை முற்றியிருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்தக் கணக்கில் எங்களைப் பெண்களாக எண்ணியிருப்பார்கள், அல்லது எண்ணாமலே விட்டிருப்பார்கள். பெயருக்குப் பதில் எண்ணைக் கூப்பிட்டால் போதும். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவில்லாத மருத்துவம் அது.

பதினேழாவது பிரிவு

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்றும், அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2019இல் வந்த சட்டமோ, ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றைக் கேட்டது. கருப்பையை எடுக்கப் பணமில்லாத கூலித் தொழிலாளி ஆணாகப் பதிவாவது எப்படி?

2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கின் தீர்ப்பு வந்தது. நீதிபதி சந்திரசூட் தன் தனித் தீர்ப்பில், மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவம்தான் என்றார். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி இந்து மல்கோத்ரா, 17ஆம் பிரிவு சாதித் தீண்டாமைக்கு உரியது என்றார். நம் தோழர்கள் சிலருக்கும் இதில் தயக்கம் இருக்கிறது. சிந்திய ரத்தத்தால் வாங்கிய பிரிவை எல்லாருக்கும் பங்குவைத்தால் அது நீர்த்துப்போகாதா என்று. எங்கள் பதில் இதுதான். ஆதிக்க சாதி வீட்டுப் பெண்ணுக்குத் தீட்டு நான்கு நாளில் குளித்தால் போய்விடும். சேரிக்காரருக்கு எத்தனை குளித்தாலும் போகாது. அந்த வேறுபாட்டை மறைக்கவே கூடாது. ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒன்றை விட்டுவைத்துவிட்டு மற்றதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அதே டிசம்பரில் கேரளத்தின் திருநங்கைத் தோழிகள் நால்வர் முதலில் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு மலையேற அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக மகிழ்ந்தோம். தாடி வைத்த திருநம்பி ஒருவர் அதே படியில் ஏறியிருந்தால் தடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. அன்று அவருக்கு மாதம் வந்திருக்கவும் கூடும். விதியைக் காவல் காப்பவர்களுக்கு ரத்தம் தெரிவதில்லை. சேலை தெரிகிறது, சாதி தெரிகிறது, அவ்வளவுதான்.

நல்சா தீர்ப்பு திருநருக்குத் தனிக் கழிப்பறை கட்டச் சொன்னது. நல்லெண்ணம்தான். ஆனால் 'தனி' என்று கேட்டாலே சேரியில் பிறந்தவனுக்குக் காது நிமிரும். தனிக்குவளை, தனிச்சுடுகாடு, தனித்தெரு பார்த்துவிட்டோம். அந்தத் தனிக் கழிப்பறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நாங்கள் யார் என்று அறிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வேண்டுபவர்களுக்கு அது இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது இருக்கிற எல்லாக் கழிப்பறையிலும் ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு மூடிபோட்ட தொட்டி.

எழுத்தும் வேலையும்

இது இலக்கிய அரங்கம். தமிழ் இலக்கியம் பேசக் கூசிய உடம்பைப் பேசியது தலித் இலக்கியம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' வந்தது. அவை வந்த பிறகு பின்னால் வந்தவர்களுக்குப் பேச நா எழுந்தது. திருநம்பிகளின் எழுத்து இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. எழுத ஆளில்லாததால் அல்ல, எழுதினால் வீட்டு முகவரி தெரிந்துவிடும் என்பதால். புனைபெயரில் எழுதினால் அச்சிடுவோம் என்று அரங்கம் சொல்லட்டும். எங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதானால் எங்களை அதிசயமாக எழுதாதீர்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, நாப்கின் தீர்ந்துவிட்டது, கையில் நாற்பது ரூபாய்தான் இருக்கிறது என்று எழுதுங்கள்.

கேட்பவை இவைதான். பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் நாப்கின் வேண்டுபவர் வரிசையில் நிற்காமல், பெயர் கூப்பிடாமல் எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். மருத்துவமனையில் எண்ணைக் கூப்பிடுங்கள். தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகாதபடி கழிவைப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் போராடுங்கள், நாங்களும் வருகிறோம். கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் தோழர்கள் முன்வைத்துப் போராடும் கிடைமட்ட இடஒதுக்கீட்டுக்குக் குரல் கொடுங்கள். நிரந்தர வேலையும் வாடகைக்கு ஒரு தனி அறையும் இருந்தால் இந்த உரையில் சொன்ன துன்பத்தில் பெரும்பகுதி இருக்காது. வீட்டில், அந்த நாலு நாளில் ஒரு பிள்ளை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

கடைசியாக அரங்கத்துக்கு ஒன்று. இந்தக் கூட்டங்களை நாம் சமுதாயக் கூடங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் நடத்துகிறோம். அடுத்த ஆண்டுக்கான கூடத்தைப் பதிவுசெய்யும்போது, மைக் எப்படி, நாற்காலி எத்தனை என்று பார்ப்பதோடு ஆண்கள் கழிப்பறைக் கதவையும் ஒருமுறை சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் விழவில்லை என்றால் ஒரு கொக்கி வாங்கிப் போடுங்கள். உள்ளே ஒரு தொட்டி வையுங்கள். யாருக்காக என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. வருகிறவருக்குத் தெரியும்.

பொதுக்குளத்தில் இறங்க நமக்கு வழி காட்டியவரின் நினைவில் இதைக் கேட்கிறோம். 

ஜெய் பீம்.